மார்செல் சொன்ன சோடா

லா ஷப்பல், பாரிஸ்
20 ஒக்ரோபர் 2016, வியாழக்கிழமை

அன்புத் தங்கச்சி ஜெகதீஸ்வரிக்கு,

நான் சொன்னேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னேன். செப்ரெம்பரில் மச்சான் தில்லையம்பலம் அந்த லப்டொப்பைச் சுப்பர்மார்க்கெற்றிலிருந்து, சலவைத்தூள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருந்ததில் ஒன்றாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கே, பெட்டியை ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது மாரி காணாது" என்று சொன்னேனா இல்லையா? சரியாக ஆறாவது கிழமை கண்ணை மூடிவிட்டது. வானிலை சொல்லுகிறவர்கள் கூட இவ்வளவு துல்லியமாய்ச் சொல்ல மாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் நடந்ததைப் பற்றி நான் பெரிதாய் எடுக்கவில்லை. "சலவைத்தூளுக்கு இனாமாய்த் தந்தவங்களோ மச்சான்?" என்று நான் கேட்டது பகிடிக்கு. அதற்கு அவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் அப்படிக் குத்தியிருக்கத் தேவையில்லை. நீயும் ரூ பஜோல் கோயில் பிள்ளையார் மேல் ஆணையிட்டு, இனி அண்ணையோடு கதைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கத் தேவையில்லை. நான் இருந்து யோசித்துப் பார்த்தேன். கதைக்க மாட்டேன் என்றுதானே ஆணையிட்டாய்? எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. பிள்ளையார் கொம்பை முறித்து எழுதின ஆள். எழுத்துக்குக் குறுக்கே அவர் நிற்க மாட்டார். ஆகவே நீ பயமில்லாமல் பதில் போடலாம். செவ்ரானிலிருந்து தினமும் ரயிலேறி வந்து ரூ பெர்தொனே மரக்கறிக் கடையில் நிற்கிற நம்முடைய மன்னார் மடுத்தீன்தான் தபால்காரன். அவனிடமே லப்டொப்பையும் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். அன்றைக்குக் கோபத்தில் லப்டொப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தேன் அல்லவா? நேரே மார்செலிடம் கொண்டுபோனேன். மார்செல் என்பவன் இந்த வட்டாரத்திலேயே கை தேர்ந்த தெக்னிசியன். என் ஆட்டுக்கறி ரோல்சுக்கு அடிமை. முப்பத்திரண்டு ஆணி கழற்றினான். விளக்கைப் பிடித்து உள்ளே ஒரே ஒரு பார்வை. "சோடா, மெசியூ ராசா" என்றான். ஒரே சொல். மகேந்திரராசா என்று முழுப்பெயர் சொல்ல அவன் நாக்குக்கு வராது.

ஆக, பெட்டியும் மலிவு, உன் பிள்ளையும் படிக்கும்போது பக்கத்தில் சோடா ரின்னை வைத்திருந்து கையால் தட்டிச் சிந்தியிருக்கிறாள். இரண்டும் சேர்ந்தால் எந்த மெஷின் தாங்கும்? சரஸ்வதி பூசைக்கு என் அறையில் இரண்டு நாள் வைத்திருந்தபோது அது வடிவாய்த்தான் இருந்தது. விஜயதசமியன்று பொட்டு வைத்து நானே கொண்டுவந்து தந்தேன், நீயும் பார்த்தாய். சுபாங்கியை இதற்காக ஏசாதே. பதினாறு வயதுப் பிள்ளை. நான் அந்த வயதில் ஒரு லொறியையே கிணற்றுக்குள் விட்டவன்.

அன்புள்ள அண்ணன்,
மகேந்திரராசா
(தலைமைச் சமையல்காரர்)


செவ்ரான்
25 ஒக்ரோபர் 2016

அண்ணைக்கு,

எழுத்தில் ஆணை முறியாது என்பது நீங்கள் போட்ட சட்டம். பிள்ளையாரிடம் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரர் என்று கீழே போட்டதை இவர் இரண்டு தரம் வாசித்தார். வெங்காயம் உரிக்கிறவருக்கு அந்த ரெஸ்ரோரண்டில் இப்போது அதுதான் பெயரோ என்று கேட்கிறார்.

லப்டொப் வந்தது. சனிக்கிழமை நானும் இவருமாக வாங்கின இடத்துக்கே கொண்டுபோனோம். காரந்தி இரண்டு வருசம் என்று பெட்டியில் பெரிதாய் அடித்திருந்தது. அங்கே இருந்தவன் திறந்து, உள்ளே பார்த்து, ஒரு கடதாசியில் புள்ளடி போட்டு நீட்டினான். தண்ணிப் பொருள் ஏதோ உள்ளே போயிருக்கிறது, காரந்தி செல்லாது. முடிந்தது. உங்கள் மார்செல் சொன்னதும் அவன் சொன்னதும் ஒன்றுதான். அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் கடிதத்தை நம்பி நான் ஒரு அடி எடுத்து வைத்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து சுபாங்கியைக் கேட்டேன். "நான் லப்டொப்புக்குப் பக்கத்தில தண்ணிகூட வைக்கிறேல்லை அம்மா" என்றாள். சோடா சிந்தியிருக்கிறது, இரண்டு பேர் பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்றேன். "இல்லை" என்றாள். மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் என் முகத்தைப் பார்த்து இல்லை என்றாள். ஓம் அம்மா, கை தட்டிப்போச்சு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன். சிந்துவது ஒரு பெரிய குற்றமா?

உங்களுக்கு ஒரு விசயம் தெரியாது. அவள் படிக்கிற லீசேயில் கணித ரீச்சர் ஆறு பிள்ளைகளைத் தெரிந்தெடுத்திருக்கிறா. ஜனவரியிலிருந்து சனிக்கிழமைகளில் ஒரு பொறியியல் கல்லூரியில் கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதப் படிப்பிப்பார்களாம். காசு இல்லை. சொந்த லப்டொப் வேண்டும், தாய் தகப்பனின் கையெழுத்து வேண்டும். நவம்பர் முப்பதுக்குள் கடதாசி போய்ச் சேர வேண்டும். ஆறு பேரில் தமிழ்ப் பிள்ளை இவள் ஒருத்திதான். நான் விடிய ஐந்து மணிக்குக் கூட்டித் துடைக்கிற கந்தோரில் அப்படிப் படித்த பெட்டையளின் மேசைகள் இருக்கின்றன. அந்த மேசைகளைத் துடைக்கும்போது எனக்கு என்ன நினைப்பு வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் நான் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லப் பழகின பிள்ளையைச் சனிக்கிழமைகளில் தனியே பாரிசுக்கு விடச் சொல்லுகிறீர்களா? எங்களுடைய குடும்பத்தில் புளுகுக்கு ஒரு ஆளே காணும்.

ஜெகதீஸ்வரி


லா ஷப்பல்
30 ஒக்ரோபர் 2016, ஞாயிறு

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மடுத்தீன் கறிவேப்பிலைக் கட்டுக்குள் செருகிக்கொண்டுவந்து தந்தான். வாசித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தரம் கீழே இறங்கி, மெற்றோப் பாலம் வரை நடந்து, திரும்பி ஏறினேன். நீ ஏன் ஒரு சின்ன விசயத்தை இவ்வளவு பெரிதாக்குகிறாய்? சோடாவோ பச்சைத் தண்ணியோ, போனது போய்விட்டது. படிப்பு விசயத்தில் சோடாவைக் கலக்காதே. கையெழுத்தை வை.

லப்டொப் இல்லை என்பதுதான் குறை என்றால் அந்தக் குறை இன்றோடு தீர்ந்தது. இத்தோடு வருவதைப் பார். இது சலவைத்தூள் சாதி இல்லை. வெள்ளி நிறம், சீப்புப் போல மெல்லிசு. நேற்றுப் பின்னேரம் பாலத்துக்குக் கீழே ஒருவன் ஜக்கற்றுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினான். புதுசு வாங்கப் போனால் உன் இரண்டு மாதச் சம்பளம். நான் என்ன விட்டுவிடுகிற ஆளா?

"எவ்வளவு?" என்றேன். சொன்னான். நான் சிரித்தேன், திரும்பி நடந்தேன். பின்னாலேயே வந்தான். "ஷெஃப், ஷெஃப்" என்று கூப்பிட்டான். பார்த்தாயா, என் நடையைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்திருக்கிறது, மச்சானுக்குத்தான் தெரியவில்லை. "பற்றரி நல்லதோ?" என்றேன். "நூற்றுக்கு நூறு" என்றான். திறந்து காட்டச் சொன்னேன். வெளிச்சம் வந்தது, சத்தம் வந்தது. பொலிஸ் வாகனம் ஒன்று திரும்பியதும் விலையைப் பாதியாய்க் குறைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். வியாபாரத்தில் என் முகத்தை எதிர்த்து நிற்க ஆள் இல்லை.

பிள்ளையிடம் மாமா தந்தது என்று கொடு. கடதாசியிலும் கையெழுத்து வை. நவம்பர் முப்பது என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.

அண்ணன்


செவ்ரான்
4 நவம்பர் 2016

அண்ணைக்கு,

உங்கள் சீப்பைத் திறந்தோம். ஒரு கலியாணப் படம் வந்தது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் வெள்ளைக்காரர், ஒரு பழைய காருக்கு முன்னால் நின்று சிரிக்கிறார்கள். படத்துக்குக் கீழே சொலாஞ் என்று பெயரைப் போட்டு, இரகசியச் சொல் கேட்கிறது. எத்தனை தரம் திறந்தாலும் அந்தப் பொம்பிளைதான் சிரிக்கிறாள். இவர் உடனே யன்னல் சீலையை இழுத்து மூடினார். "களவுச் சாமானை வீட்டுக்குள்ள வைச்சிருந்தா எங்களைத்தான் பிடிப்பாங்கள், உன்ரை கொண்ணனை இல்லை" என்றார்.

சுபாங்கி அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் பாலர் பள்ளி ஒன்றின் ஒட்டுத்தாளும் ரெலிபோன் நம்பரும் இருந்தன. நம்பரை எடுத்துக் கதைத்தாள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு, இரண்டு பஸ் மாறிப் போய், அந்தச் சொலாஞ் என்கிற ரீச்சரின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். மனுசி ரயிலில் பறிகொடுத்ததாம். பிள்ளைகளின் படங்களெல்லாம் அதற்குள் இருந்ததாம், அழுதுவிட்டாளாம். சாமானை எங்கே எடுத்தாய் என்று கேட்டதற்கு, "மாமா ஏமாந்து வாங்கிட்டார்" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். உங்களை அவள் கள்ளன் என்று சொல்லவில்லை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், எனக்கே விளங்கவில்லை அண்ணை. முன்பின் தெரியாத ஒருத்தியின் பொருளுக்கு இரண்டு பஸ் ஏறி அலைந்த பிள்ளை, பெற்ற தாயிடம் ஒரு சோடாவுக்காகப் பொய் சொல்லுவாளா? சொல்ல மாட்டாள் என்று ஒரு மனம் சொல்லும். பழைய லப்டொப்பை அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன், அதற்கு எறும்பு வரிசையாய் ஏறுகிறது. அதைக் கண்டதும் மற்ற மனம் எழும்பிவிடும். இனிப்பில்லாமல் எறும்பு வருமா என்று இவரும் கேட்கிறார்.

வீட்டில் இப்போது எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லாத மாதிரித்தான். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வருகிறது. "ஜு நே ரியான் ரான்வெர்சே" என்று ஒரே வசனம். நான் எதையும் கொட்டவில்லை என்கிறாள். சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

அந்த மார்செல் வேறு எதையும் பார்த்துச் சொன்னாரா? மடுத்தீனிடம் அவரை அன்ஜெனியர், அதுதான் எஞ்சினியர், என்று சொன்னீர்களாம். எனக்கு எழுதும்போது தெக்னிசியன். நத்தார் பண்டிகைக்குள் மந்திரியாகிவிடுவாரோ?

ஜெகதீஸ்வரி


லா ஷப்பல்
13 நவம்பர் 2016, ஞாயிறு

தங்கச்சிக்கு,

சைக்கிள்காரனைப் பற்றி எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. அவனை மேற்கொண்டு விசாரிக்கத்தான் வாங்கினேன். அது கிடக்கட்டும்.

இந்த ஒரு கிழமையாய் நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. வேலை முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிறேன். பாரிசில் கொம்பியூட்டர் விற்கிற எல்லாக் கடையிலும் ஏறி இறங்கிவிட்டேன். நாற்பது கடை இருக்கும். சரி, ஏழு. பெரிய மகசின் கடை ஒன்றில் கழுத்தில் பட்டி போட்ட பொடியன் ஒருவன் வந்து, எதற்குப் பாவிக்க என்று கேட்டான். "மூளைக்கு" என்றேன். "மெசியூ, விளையாட்டுக்கோ, கந்தோர் வேலைக்கோ?" என்றான். "தம்பி, என்ரை மருமகள் நாளைக்கு உன்ரை முதலாளியின்ரை முதலாளி, அதுக்குத் தோதாய்க் காட்டு" என்றேன். தமிழில்தான் சொன்னேன், ஆனால் அவனுக்கு விளங்கியது. காட்டினதன் விலைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வரலாம். மலிவாய் இருக்கிறதைக் காட்டு என்றால், அது திறந்து வெளிச்சம் வருவதற்குள் நான் ஒரு சட்டி வெங்காயம் உரித்துவிடுவேன். வெங்காயம் என்பது இங்கே ஒரு பேச்சுக்கு.

இடையில் உள்ளதற்கெல்லாம் ஏதோ ஒரு குறை. ஒன்றுக்கு எழுத்துக்கள் வேறு நாட்டு வரிசை, மேலே பிரெஞ்சு ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது, ஒரு விரலோடு நான்கு எழுத்து உரிந்து வந்துவிட்டது. இன்னொன்றுக்குப் பற்றரி இல்லை, கம்பி இழுத்தால் அணைந்துவிடும். ஏழைப் பிள்ளை என்றால் சுவருக்குப் பக்கத்திலேயே இருந்து படிக்க வேண்டும் என்று இவர்கள் நினைக்கிறார்கள்.

கடைசியில் மார்செலிடமே போனேன். அன்ஜெனியர்தான், பட்டக் கடதாசி எடுக்கவில்லை, அவ்வளவுதான். முந்தி பெரிய பெரிய ஆட்களின் மாளிகையில் கொம்பியூட்டர் பார்த்தவன் என்று கேள்வி. கந்தோர் ஒன்று கழித்துவிட்ட பத்து லப்டொப்பில் அவன் நல்லதொன்றைப் பிரித்து, புதுப் பற்றரி போட்டு, மண்டைக்குள் இருந்ததை எல்லாம் துடைத்துப் புதிதாய் நிரப்பித் தந்திருக்கிறான். நான்கு நாள் எடுத்தது. நான்கு நாளும் பக்கத்தில் முக்காலி போட்டு நான் இருந்தேன். ஆறு மாதக் காரந்தி, அவன் கையால் எழுதி, முத்திரை குத்தித் தந்ததை நான் பத்திரமாய் வைத்திருக்கிறேன். கொஞ்சம் பாரம். பரவாயில்லை, பாரமான பொருள் கீழே விழாது.

இன்னொன்று. சோடா சோடா என்று நீ அதையே பிடித்துக்கொண்டு நிற்காதே. மார்செல் சொன்னது ஒரு ஊகம்தானே. தேத்தண்ணியாயும் இருக்கலாம். மச்சான் குடித்த தேத்தண்ணியாயும் இருக்கலாம். அல்லது செய்த இடத்திலேயே ஈரம் பட்டிருக்கலாம், கப்பலில் வருகிற சாமான், கடல் சும்மா இருக்குமா? எறும்பு என்றால் எறும்புக்கு என்ன, வெறும் இரும்பைக்கூட நக்கும். பிள்ளையை இனிக் கேளாதே. கேட்கிறதை நிறுத்து. கையெழுத்தை வை.

அண்ணன்


செவ்ரான்
23 நவம்பர் 2016

அண்ணைக்கு,

முதலில் நன்றி. லப்டொப் நன்றாக வேலை செய்கிறது. ஆறு மணித்தியாலம் பற்றரி நிற்கிறது. இவர் இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "கொண்ணன் இந்த முறை ஆரோ தெரிஞ்ச ஆளைத்தான் பிடிச்சிருக்கிறார்" என்றார். அவருடைய வாயால் அது பெரிய பாராட்டு.

இனி நடந்ததைச் சொல்லுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கடதாசியை மேசையில் விரித்தேன். பேனையை எடுத்துக்கொண்டு, "சரி, விடு. மன்னிச்சிட்டன். சைன் வைக்கிறன்" என்றேன். அவள் கடதாசியை என் கைக்குக் கீழேயிருந்து இழுத்து எடுத்துவிட்டாள்.

"என்னத்துக்கு மன்னிக்கிறியள்?" என்றாள். நல்ல தமிழில்.

"சரி, அது முடிஞ்ச கதை."

"முடியேல்லை அம்மா. நான் செய்யேல்லை எண்டு நம்பிச் சைன் வையுங்கோ. பொய்காரிக்கு இரங்கி வைக்கிறதெண்டா எனக்கு அது வேண்டாம். நான் அங்கை போகேல்லை."

"கடையிலையும் சொன்னவங்கள், மார்செலும் சொன்னவர். அவங்களுக்கு உன்னிலை என்ன கோவம்?"

"கடையில தண்ணியெண்டுதான் எழுதினவன். சோடா எண்டு சொன்னது மார்செல் மட்டும். அந்த மார்செலை எனக்குக் காட்டுங்கோ."

இவர் பக்கத்தில் இருந்து, "அது சரிதானே" என்றார். நான் கடைக்காரன் தந்த கடதாசியில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு மாதமாய்த் திரும்பிப் பார்க்கவேயில்லை. எடுத்துப் பார்த்தேன். தண்ணிப் பொருள் என்றுதான் இருக்கிறது.

அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடம் விட்டு நேரே லா ஷப்பலுக்கு வந்திருக்கிறாள். ஆறு கடையில் ஏறி மார்செல் என்று கேட்டிருக்கிறாள். ரெலிபோன் விற்கிற இடம், திருத்துகிற இடம் எல்லாம். ஒருவருக்கும் தெரியவில்லை. உங்கள் கதவையும் தட்டினாளாம், நீங்கள் வேலையில். குளிரில் விறைத்துப்போய் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, அப்பிடி ஒரு ஆள் இல்லை எண்டு நினைக்கிறன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

அண்ணை, ஆணையிட்டது உங்களோடு கதைக்க மாட்டேன் என்று. அதை முறித்து ரெலிபோன் எடுத்தால், நீங்கள் கதையால் என்னைச் சுற்றிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதிக் கேட்கிறேன். நாங்கள் சின்னதில் இருந்தே உங்கள் புளுகைக் கேட்டு வளர்ந்த ஆட்கள். லொறியைக் கிணற்றில் விட்ட கதையை நான் பிள்ளைக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எங்களுக்கு லொறியும் இருக்கவில்லை, லொறி போகிற அளவுக்குக் கிணறும் இருக்கவில்லை. அது யாரையும் நோகடிக்கவில்லை. இது அப்படியில்லை. கடதாசி வருகிற புதன்கிழமை பின்னேரத்துக்குள் போக வேண்டும். மார்செல் என்று ஒரு ஆள் இருக்கிறாரா, அவர் சோடா என்று சொன்னாரா? இரண்டு கேள்வி. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஜெகதீஸ்வரி


செவ்ரான் ரயில் நிலையம்
28 நவம்பர் 2016, திங்கட்கிழமை

தங்கச்சி,

இன்றைக்கு மடுத்தீனுக்கு லீவு. தபாலில் போட்டால் எப்போது வரும் என்று சொல்ல ஏலாது. ஆகவே நானே கொண்டுவந்திருக்கிறேன். லா ஷப்பலில் எழுதத் தொடங்கினேன், நான்கு தாள் கிழித்தேன், ரயிலில் எழுதினால் கை ஆடுகிறது. இப்போது உங்கள் ஸ்ரேசன் வாங்குப் பலகையில் இருந்து எழுதுகிறேன். முடித்ததும் உன் கட்டடத்துக் கீழ்த் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவேன். மேலே ஏற மாட்டேன். மச்சானின் முகத்தைப் பார்க்கிற துணிவு எனக்கு நிறைய இருக்கிறது, இன்றைக்குக் கொண்டுவரவில்லை.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாய். எழுதாவிட்டால் உனக்கு விளங்காது. பொறுத்துக்கொள்.

முதல் கேள்வி. மார்செல் இருக்கிறான். ஆறு கடை ஏறின பிள்ளை ரெலிபோன் கடையாய்ப் பார்த்து ஏறியிருக்கிறாள், அவனுடைய கடை வாசலில் பூட்டுத் திறப்பும் சப்பாத்துக் குதியும்தான் தொங்கும். திறப்பு வெட்டுவான், குதி அடிப்பான், உள்ளே ஒரு மேசையில் கொம்பியூட்டர் திருத்துவான். மாளிகை, அன்ஜெனியர் எல்லாம் நான் போட்ட மேல்பூச்சு. நாற்பது நாளாய் நான் எழுதினதில் அவன் மட்டும்தான் சுத்தமான ஆள். காரந்திக் கடதாசியில் இருக்கிற முத்திரை அவனுடையது, விலாசம் அதற்குள்ளேயே இருக்கிறது, இத்தோடு வைக்கிறேன். இப்போது தாயைப் பார்க்க மார்த்தினிக் தீவுக்குப் போயிருக்கிறான், வெள்ளிக்கிழமை வருவான். பிள்ளை வந்தால் நானே கூட்டிக்கொண்டு போய் அவன் முன்னால் நிறுத்துகிறேன். எனக்கு வெட்கமாய் இருக்கும். இருக்கட்டும்.

இரண்டாவது கேள்விக்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும்.

சரஸ்வதி பூசையன்று என் அறையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று உனக்கு இருபது சொன்னேன், மூன்று பேர். அவர்களும் அவல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கனடாவிலிருந்து மச்சாள் சாரதாதேவி வைபரில் வீடியோக் கோல் எடுத்தாள். பூசை வைத்திருக்கிற வடிவைக் காட்டு மச்சான் என்றாள். என்னுடைய மேசைக்கு ஒரு கால் கட்டை, உனக்குத் தெரியும். கும்பத்தை வைத்தால் ஆடியது. தட்டையாய், உறுதியாய் அடியில் வைக்க ஒன்று தேவைப்பட்டது. பிள்ளையின் லப்டொப் இருந்தது. சரஸ்வதிக்கு அதைவிட நல்ல பீடம் எது என்று நினைத்தேன். அதற்கு மேல் வாழையிலையை விரித்து, அரிசி பரப்பி, கும்பத்தை வைத்தேன். முன்னால் பஞ்சாமிர்தம். நினைத்துப் பார்க்க இப்போதும் வடிவாய்த்தான் இருக்கிறது.

சாரதாதேவிக்குக் காட்ட ரெலிபோனைச் சுற்றினேன். "பார், இஞ்சை லா ஷப்பலிலை இப்பிடி ஒரு பூசை ஆர் வைக்கிறாங்கள்?" என்று சொல்லிச் சுற்றினேன். முழங்கை தட்டியது. மச்சாள் அந்தப் பக்கத்திலிருந்து ஐயோ என்று கத்தினாள்.

மஞ்சள் தண்ணி, தேங்காய், மாவிலை, பஞ்சாமிர்தம், எல்லாம் லப்டொப்பின் மேல். துடைத்தேன். தலைமயிர் காய வைக்கிற மெஷினைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி இரண்டு மணித்தியாலம் காய வைத்தேன். திறந்தேன், வெளிச்சம் வந்தது. பிள்ளையார் காப்பாற்றிவிட்டார் என்று பொட்டு வைத்துக் கொண்டுவந்து தந்தேன். நாலு நாள் ஓடியது.

தங்கச்சி, லப்டொப் பழுதானதை நான் சொல்லியிருப்பேன். திட்டு வாங்கியிருப்பேன், வேறொன்று தேடித் தந்திருப்பேன். ஆனால் கும்பம் சரிந்தது. சரஸ்வதி பூசையன்று, பிள்ளையின் படிப்புச் சாமானின் மேல் கும்பம் சரிந்தது. அதை எப்படி உனக்குச் சொல்லுகிறது? ஊரில் என்றால் என்ன சொல்லுவார்கள் என்று நீ அறிவாய். நீ அதைக் கேட்டால் இவளுடைய ஒவ்வொரு சோதனைக்கும் அதை நினைப்பாய், அவள் ஒரு புள்ளி குறைந்தாலும் அதை நினைப்பாய். சாரதாதேவியின் வாயைக் கட்ட நான் பட்ட பாடு வேறு. ஆகவே அந்தச் சொல்லை நான் வாயிலெடுக்காமல் விட்டுவிட்டேன். அது என்னோடு கிடக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அது பிள்ளையின் மேல் போய் விழும் என்று நான் நினைக்கவில்லை. கும்பம் ஒன்றும் அவள் படிப்பைக் கெடுக்கவில்லை, பார். அதைக் கெடுக்கிற வேலையை நான்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

மார்செல் லப்டொப்பைத் திறந்து உள்ளே இருந்த காற்றாடியைத் திருப்பினான். கீழே விரித்திருந்த கடதாசியில் நாலைந்து அரிசி, மஞ்சள் ஊறியபடி விழுந்தது. ஒரு செவ்வந்தி இதழும் விழுந்தது. அவன் என்னைப் பார்த்து, "மெசியூ ராசா, இது என்ன சூப்?" என்று கேட்டான். வேறெதுவும் அவன் கேட்கவில்லை.

சோடா என்று அவன் சொல்லவில்லை. உனக்குக் கடிதம் எழுதும்போது, இனிப்பாய், தண்ணியாய், சின்னப் பிள்ளைகள் சிந்தக்கூடியதாய் ஒரு பொருள் தேவைப்பட்டது. சுபாங்கி எதையும் சிந்தவில்லை. அந்தச் சோடாவை நான்தான் செய்தேன்.